அழவைக்கத் தெரிந்தவள்

குரல் எனக்குத்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டதெல்லாம் அவளை. இதை எழுதுகிற இந்த வயதிலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசு பழுத்த கிழவியின் கதையைக் கேட்க வந்தவர்கள் வேறு வீடு பார்க்கலாம்.

அவள் என்று நான் சொல்வது என் ஓரகத்தியை, என் கொழுந்தனாரின் மனைவியை. கடத்தூருக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில், ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் நாங்கள் இரண்டு பேரும் மருமகள்களாக இருந்தோம். நான் பெரியவள். அவள் வருவதற்கு முன்னால் ஏரிக்குக் கீழே நடவு நடந்தால் பாட்டெடுக்க என்னைத்தான் தேடுவார்கள். நான் ஆரம்பித்தால் பக்கத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிறவர் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவரை அவர் பெண்சாதி திட்டுவாள். எனக்கு அதிலும் ஒரு சந்தோஷம். கல்யாண வீட்டில் நலங்கு என்றால் என் குரல் இல்லாமல் நலங்கு இல்லை. என் மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவதற்கு ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். அவரே ஒரு தடவை விருந்தாளிகளிடம், "பெரியவ கொண்டாந்த நகையில தேறுனது இந்தத் தொண்டை ஒண்ணுதான்" என்றார். அதையும் நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவள் வத்தல்மலை அடிவாரத்திலிருந்து மருமகளாக வந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய காது, கரகரவென்ற குரல். புதுப்பெண்ணைப் பாடச் சொன்னார்கள். அவள் பாடினாள். சட்டியில் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருந்தது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள், தன்னைப் பார்த்தே. அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதுதான் கடைசி.

அந்த வருஷமே பக்கத்து ஊரில் ஒரு சாவு. கிணற்று வேலையில் மண் சரிந்து ஒருத்தர் செத்துப்போனார். எங்களுக்கு உறவுமுறை. பெண்கள் எல்லோரும் போனோம். எங்கள் பக்கத்தில் எழவு வீட்டுக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் எதிரே வந்து கட்டிக்கொள்வார்கள். வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அழுவார்கள். எடுத்துக் கொடுத்தது நான்தான். இழுத்துப் பாடினேன். வாசலில் நின்ற ஆண்கள்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். அழாதவள் ஒருத்திதான், செத்தவருடைய மனைவி. சின்ன வயசு. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என் பாட்டு அவள் காதில் ஏறவே இல்லை.

அழாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பயம். துக்கம் நெஞ்சிலேயே நின்றுவிட்டால் ஆள் பித்தாகிவிடும் என்பார்கள். ஒருத்தி அவள் கன்னத்தில் தட்டினாள், ஒருத்தி குலுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. இந்த நேரத்தில் என் ஓரகத்தியைக் காணோம். புழக்கடைப் பக்கம் போயிருந்தாள். எழவு வீட்டில் கொல்லையைச் சுற்றிப் பார்க்கிறாளே, இதென்ன பழக்கம் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் அந்தப் பெண்ணின் காலடியில் உட்கார்ந்து, அந்தக் கரகரத்த குரலில், யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தாள். மாட்டுக்கயிறு பாதி திரித்தபடி கொட்டகையில் தொங்குகிறதே, மீதிப் பாதியை யார் திரிப்பது, நாரைக் கையில் கொடுத்த உன்னிடம் சொல்லாமல் எழுந்து போனாரே என்று பாடினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அழுது, புரண்டு, பிறகு யாரோ கொடுத்த தண்ணீரையும் குடித்தாள். சுற்றி நின்ற பெண்கள், "அப்பாடா, பொழைச்சுக்குவா" என்றார்கள். அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் அவர்கள் கேட்டது, "யாருங்க அது, உங்க சின்ன மருமகளா?" என்பது. என் பாட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது. கூலிக்கு அழப் போகிறவள் இல்லை அவள்; உறவிலும் பழக்கத்திலும்தான் கூப்பிடுவார்கள். கடத்தூரிலிருந்து வருவார்கள், பொம்மிடி ரயில் மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள். வாசலில் நின்றுகொண்டு, "சின்னம்மா இருக்காங்களா? பையன் அழ மாட்டேங்கறான், சித்த அனுப்பி வெய்ங்க" என்பார்கள். மருத்துவச்சியைக் கூப்பிட வருகிறவர்கள் முகத்தில் இருக்கிற அதே அவசரம். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னைப் பார்த்து, "நீங்க நல்லா இருக்கீங்களா பெரியம்மா?" என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அந்த எட்டிப் பார்க்கிற பார்வையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் போய்விட்டால் வேலையெல்லாம் என் தலையில். பால் கறக்க வேண்டும், களி கிண்ட வேண்டும், அவள் பெண்ணுக்கும் சேர்த்துத் தலைவாரிவிட வேண்டும். அதோடு முடியாது. எழவு வீட்டிலிருந்து வருகிறவள் தீட்டோடு எதையும் தொடக் கூடாது. கிணற்றுக் கயிறைத் தொடக் கூடாது, குடத்தைத் தொடக் கூடாது. அதனால் அவள் துவைகல் பக்கத்தில் போய் உட்காருவாள். நான் இறைத்து இறைத்து அவள் தலையில் ஊற்ற வேண்டும். பேர் வாங்குவது அவள், தண்ணீர் ஊற்றுவது நான். "போதுமா?" என்பேன். "இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்க அக்கா" என்பாள். மகாராணி என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவேன்.

பொறாமைப்படுகிறவளுக்குக் கண் கூர்மையாகிவிடும். அவள் என்ன தின்கிறாள், யாரிடம் பேசுகிறாள், எப்போது பெருமூச்சு விடுகிறாள் என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். பெரிய குறையாக ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சல்.

யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு நாள் எனக்கு வாய்ப்பு வந்தது. கடத்தூர்ப் பக்கம் ஒரு வயசான அம்மா செத்துப்போனார். ஓரகத்தி காலையிலேயே வேறு ஊர் எழவுக்குப் போயிருந்தாள். வந்து கூப்பிட்டவர்கள் தயங்கினார்கள். "நான் வரேன், நடங்க" என்று நானே கிளம்பினேன். இன்றைக்குக் காட்டிவிடுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு வேகம். போய் உட்கார்ந்ததும் எடுத்தேன். இதுவரை நான் பாடியதிலேயே உயர்ந்த பாட்டு அது. பிறந்த வீட்டுப் பெருமையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கோடியில் வந்து நின்றேன். செத்தவள் மேல் போர்த்துவதற்கு அவள் பிறந்த வீட்டார் கொண்டுவருகிற புதுச் சீலைதான் கோடி. அது வந்தால்தான் பிணத்தை எடுப்பார்கள்.

சரிகைப் பட்டு வாங்கி – என் அம்மா
சந்தை வழி வண்டி கட்டி
கோடி கொண்டு வந்தாரே – உன்
கூடப் பொறந்த ராசா

கூட இருந்த பெண்கள் அழவில்லை. ஒருத்தி என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் சத்தமாக அதே அடியைத் திருப்பிப் பாடினேன். செத்தவளுடைய தம்பி, ஐம்பது வயசு மனுஷர், எழுந்து நின்றார். முகம் கறுத்துவிட்டது. "என்னைக் கேவலப்படுத்தறதுக்கா ஆள் கூட்டியாந்தீங்க?" என்று கத்தினார்.

விஷயம் இதுதான். யுத்தத்தினால் துணிக்குப் பஞ்சம். அந்த மனுஷர் கடத்தூரில் கடை கடையாக அலைந்திருக்கிறார். கோடித் துணி கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வந்தவரின் மானத்தைக் காப்பாற்ற, அந்த வீட்டு மருமகள் செத்தவளுடைய பெட்டியிலிருந்தே ஒரு பழைய சீலையை எடுத்து, அலசி மடித்து, புழக்கடையில் வைத்து அவர் கையில் கொடுத்திருக்கிறாள். ஊரே தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது. அந்த வெளுத்த சீலை எல்லோர் கண்முன்னாலும் பிணத்தின் காலடியில் கிடக்கும்போதுதான் நான் சரிகைப் பட்டைப் பற்றி ராகம் போட்டிருக்கிறேன். எனக்கு யார் சொன்னார்கள்? வாசல் வழியாக வந்தவளுக்குப் புழக்கடையில் நடந்தது எப்படித் தெரியும்?

அவர் சீலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறந்த வீட்டான் கோபித்துக்கொண்டு போனால் பிணம் எப்படி எழும்? பங்காளிகள் பின்னால் ஓடினார்கள். கெஞ்சினார்கள். அவர் தெருமுனைப் புளியமரம் வரைக்கும் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் என் ஓரகத்தி வந்து சேர்ந்தாள். அங்கே முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லி ஆறியிருப்பேன். யாரிடமோ இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, புளியமரத்தடிக்குப் போய், அந்த மனுஷருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். செத்த அக்காளே தம்பியிடம் பேசுவதுபோல எடுத்தாள்.

புதுச்சீலை எனக்கெதுக்கு – தம்பி
தோச்சு வெளுத்த சீலை போதும்
தொட்டிலாக் கட்டி உன்னைத்
தூங்க வெச்ச சீலை போதும்

அந்த மனுஷர் சீலையை முகத்தில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். திரும்பி வந்து தன் கையாலேயே அக்காளுக்குப் போர்த்தினார். பிணம் எழுந்தது. வீட்டுக்கு வந்து நான் அவள் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. எனக்கும்தானே தீட்டு. மாமியார் எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஊற்றினார், அவளுக்கு முதலில், எனக்கு அப்புறம். அதற்குப் பிறகு எழவு வீடுகளில் நான் வாயைத் திறப்பதில்லை. கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். நடவுக்கும் நலங்குக்கும் பாடினேன். அதில் பழைய ருசி இல்லை.

சுதந்திரம் வந்த பிறகு, ஒரு ஆடி மாதம், அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தோம், மருந்து வாங்கி வந்து கொடுத்தோம். தேறுகிற மாதிரி இருந்து, ஒரு நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் போய்விட்டாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம் என்று கோபம்.

சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வந்தது. நான் செத்தால் இதில் கால்வாசி வருமா என்று பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட்டேன். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததை எடுக்கிற இடம் வந்ததும் எல்லோர் கண்ணும் பழக்கத்தில் சுற்றிலும் தேடியது. யாரைத் தேடுகிறோம் என்பது உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் பெண் வண்டியில் வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் பிள்ளை. நேராக அம்மாவிடம் வந்தாள், பார்த்தாள், நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். பிறகு என்னிடம், "கன்னுக்குட்டிய அவுத்துக் கட்டுனீங்களா பெரியம்மா? வெயில்ல நிக்குது" என்றாள். அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பொழுது சாய ஆரம்பித்தும் அப்படியே இருந்தாள். தண்ணீர்கூட வாயில் வாங்கவில்லை.

"வயித்துப் புள்ளக்காரி. இப்படியே இருந்தா என்னாவறது? யாரையாச்சும் கூப்புடுங்க" என்றாள் ஒருத்தி.

"யாரைக் கூப்புடறது? கூப்புடற ஆளுதான் அங்க படுத்துக்கெடக்குதே" என்றாள் இன்னொருத்தி.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கைக்கெட்டுகிற தூரத்தில். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, பழைய சரிகைப் பட்டு ஞாபகம் வந்திருக்கும், சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். செத்த பிறகும் இந்த வீட்டில் அவளைத்தான் தேடுகிறார்கள். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. அந்தப் பெண்ணின் மேல் இரக்கப்பட்டு நான் எழுந்தேன் என்று சொன்னால் பொய். பிணத்தோடு சண்டை போடத்தான் எழுந்தேன். அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, தரையில் அடித்து, சத்தமாக எடுத்தேன்.

ஊரையெல்லாம் அழவெச்சே – நீ
ஒத்தையில அழுததாரு கண்டா?
தண்ணி மொண்டு ஊத்துனனே – உன்
தலையோட நான் கண்டேன்

ஆமாம், கண்டேன். ஒவ்வொரு எழவுக்குப் பிறகும் அவள் ஏன் இன்னும் இரண்டு குடம் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊற்றுகிற தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு அழுவாள். கண்ணீர் தெரியாது, தோள் குலுங்குவது மட்டும் தெரியும். அதைப் பாடினேன். உன்னைக் கூப்பிட வண்டி வந்ததே, எனக்கு வந்ததா என்று கேட்டேன். உன் அடுப்பையும் சேர்த்து ஊதினேனே, ஒரு நாளாவது ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, களிச்சட்டியில் ஒட்டின காந்தலைப் பழக்கத்தில் அவளுக்கென்று சுரண்டி எடுத்து, கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, "அடியே" என்று கூப்பிட வாயெடுத்து நிற்பாயே, நாய்க்குப் போடவும் மனசு வராமல் நீயே கண்ணை மூடிக்கொண்டு தின்பாயே, நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா என்று கேட்டேன். நடுவில் என் குரல் உடைந்து கரகரவென்று ஆகிவிட்டது. அதை இழுத்துச் சரிசெய்ய எனக்குத் தோன்றவில்லை.

தூணோரத்திலிருந்து, "எனக்கா? எனக்கா எடுத்து வெச்சுது?" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த நிமிஷம் அந்தப் பெண் என் முதுகின்மேல் விழுந்து, "எம்மா" என்று அலறினாள். அவள் கண்ணீர் என் ரவிக்கை இல்லாத தோளில் சூடாக இறங்கியது. வெகு நேரம் அழுதாள். பிறகு என் மடியில் தலை வைத்துக்கொண்டு மோர் குடித்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் நான் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிணத்தை எடுத்த பிறகு கடத்தூர் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மாவே எந்திரிச்சு வந்து பாடுன மாதிரி இருந்துச்சுங்க" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

அப்புறம் என்னைக் கூப்பிட வந்தார்கள், வேறு ஆள் இல்லாததால். நான் முதலில் போனது ஒரு பெரியவர் வீட்டுக்கு. மனைவி செத்துக் கிடக்கிறாள்; அவர் பந்தல்காரனைத் திட்டிக்கொண்டும், மாட்டுக்குச் சோளத்தட்டு போடவில்லை என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் திரிகிறார். உட்காரவே மாட்டேன் என்கிறார். நான் புழக்கடைக்குப் போய் மருமகளைக் கேட்டேன். அவர் கட்டிலில் உட்காருகிறதற்கு முன்னால் எறும்பு இருக்கிறதா என்று அந்தம்மா தினமும் கையால் தடவிப் பார்ப்பார்களாம். நான் அந்தக் கட்டிலைத் தொட்டுக்கொண்டு அதைத்தான் பாடினேன். பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமே வராமல் அழுதார். பிள்ளைகள் வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

வண்டியில் திரும்பும்போது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. என் பாட்டு எப்படி இருந்தது என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. யார் கேட்டார்கள், யார் தலையாட்டினார்கள் என்று பார்க்கவில்லை. அந்த மனுஷர் உட்கார்ந்துவிட்டார், அழுதுவிட்டார், இனிமேல் ராத்திரி கொஞ்சம் தூங்குவார் என்பது மட்டும் மனசில் இருந்தது. நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது. நடவு வயல் முழுக்க என்னைப் புகழ்ந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொன்னால் புரியும் என்று யோசித்தேன். ஒருத்திக்குத்தான் புரியும். அவள் இல்லை.

இத்தனை வருஷம் ஒவ்வொரு தடவையும் வண்டியில் இதை மடியில் கட்டிக்கொண்டுதான் அவள் வந்திருக்கிறாள். வந்து, ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நானோ அவளுக்கு வந்த வண்டியைப் பார்த்தும், அவளைத் தேடி எட்டிப் பார்த்த முகங்களைப் பார்த்தும் வயிறெரிந்திருக்கிறேன். எரிந்திருக்க வேண்டியது இதற்கல்லவா?

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னாங்கம்மா, எழவு வூட்டத் தாண்டி வந்தும் அழுவறீங்க? செத்தவங்க உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?"

"அழுவை இல்லீங்க, பொறாமை" என்றேன்.

அவர் முன்பக்கம் திரும்பி மாட்டை அதட்டி ஓட்டினார்.